தீவுகளின் அறையை மூடாதீர்கள்: காட்சியக அமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்ட எல்லைக் கடற்கரைப் பண்பாட்டுக்கென அமையவிருக்கும் காட்சியகத்தின் அமைப்புக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கடிதம் சென்ற வாரம் என் கைக்கு வந்தது. 'தீவுகளும் நாமும்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளாகத் திட்டமிடப்பட்டு வந்த அறை கைவிடப்படுகிறது என்றும், அதற்கு ஈடாக நுழைவாயில் சுவரில் இலட்சத்தீவுக் காயலின் பெரிய வண்ணப்படம் ஒன்று மாட்டப்படும் என்றும், நான் ஒப்படைத்த நான்கு குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுகளும் தற்போதைக்குத் தேவைப்படவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தோடு மூன்று குறிப்பேடுகள் வந்து சேர்ந்தன. நான்காவது வரவில்லை.

முடிவுக்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. அந்தத் தீவுகள் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. குறிப்பேடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆதாரமற்ற கட்டுக்கதைகள். இடமும் பணமும் போதவில்லை. மூன்றாவதைப் பற்றி நான் வாதாட வரவில்லை, வரவுசெலவு உங்கள் பொறுப்பு. ஆனால் முதல் இரண்டையும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேங்காய்ப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் இடையே, ஏ.வி.எம். கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒன்றில் பிறந்தவன். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். எங்கள் ஊர் ஆண்களின் தொழில் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கடலில் முடிவதில்லை. கொச்சியில் தோப்பும்படித் துறைமுகத்தில் படகைக் கட்டி, அங்கிருந்து பத்து நாள், இருபது நாள், சில வேளை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தங்கல் போய்ச் சுறாவும் சூரையும் பிடித்து வருகிறவர்கள் அவர்கள். அந்தக் கடலின் நடுவில்தான் இந்தத் தீவுகள் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஆந்த்ரோத்து, கல்பேனி, மினிக்காய் என்ற பெயர்களைக் குழந்தைகள் நாகர்கோவில், மார்த்தாண்டம் என்ற பெயர்களோடு சேர்த்தே கேட்டு வளர்கிறார்கள்.

'நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை அல்ல' என்ற காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1956 நவம்பர் 1ஆம் நாளை நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளாகக் கொண்டாடுகிறோம். உங்கள் காட்சியகத்திலும் அதற்கு ஒரு பகுதி உண்டு. அதே நாளில்தான் இலட்சத்தீவு தனி ஒன்றிய ஆட்சிப்பகுதி ஆயிற்று. அதற்கு முந்திய நாள்வரை அந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களோடு சேர்ந்திருந்தன, நாமோ திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அந்த ஒரு நாளில் நாம் உள்ளே வந்தோம், அவர்கள் வெளியே சென்றார்கள். மாவட்ட எல்லையை வைத்து உறவை அளப்பதானால், அந்த நாளுக்கு முன் நம்மைவிட அவர்களே சென்னைக்கு நெருங்கியவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இன்னும் பின்னே போனால், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்' என்று பாடுகிறது. ஆய்வாளர்கள் அதை முதன்மையாக மாலத்தீவு என்றே கொள்கிறார்கள். அந்தப் பெருமையை நான் இங்கே கோரவில்லை. படையெடுத்துப் போனவனின் உறவைவிட, ஆண்டுதோறும் மீனுக்காகப் போய் வந்தவனின் உறவே இந்தக் காட்சியகத்துக்கு உரியது என்பது என் எண்ணம்.

அந்த உறவு சொற்களில் இருக்கிறது. தீவுகள் தாழ்ந்தவை, கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான் உயரம். தென்னையின் தலை தெரியும் அளவுக்கு அருகில் வந்தால் ஒழிய அங்கே நிலம் இருப்பதே தெரியாது. நம் பெரியவர்கள் கரைக்கடலில் மலையையும் கோயில் கோபுரத்தையும் தென்னந்தோப்பையும் ஒன்றோடொன்று நேர்வைத்துக் கணியம் பார்த்து, மீன் கூடும் கடலடிப் பாறையான 'பார்' இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நேர்வைக்க மலையே இல்லாத கடலில் தீவின் மாலுமிகள் வானத்தையே நம்பினார்கள். சிறு செவ்வகப் பலகை ஒன்றின் நடுவில் முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கோத்து, முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையைக் கண்முன் நீட்டி, கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ வெள்ளியிலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதை வைத்துத் தாம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்று அறிவார்கள். உயரத்தை அவர்கள் அளந்தது விரற்கணக்கில். அராபியர் 'கமால்' என்ற இந்தக் கருவிக்குத் தீவில் வழங்கிய பெயர் 'ராப்பலகை'. ரா, பலகை: இந்த இரண்டு சொல்லுக்கும் நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. விண்மீனை 'வெள்ளி' என்றே அழைக்கும் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, 'இதை ஏன் எங்களுக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை?' என்று என்னைக் கேட்டார். அந்த அறை எதற்கு என்று யாரேனும் என்னிடம் கேட்டால், அவருடைய அந்தக் கேள்விக்காக என்றுதான் சொல்வேன்.

மாசியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சந்தையில் கட்டையாய்க் கிடக்கும் அந்த உலர்ந்த சூரை, மினிக்காயில் 'மாஸ்'. காயலில் சிறு மீனை உயிரோடு பிடித்து வைத்துக்கொண்டு, வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அதை இறைத்து, ஒற்றைத் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாய்த் தூக்கி எறியும் தொழில் அது. கயிற்றைப் பாருங்கள். நாம் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, கால்வாயில் அழுகப் போடுகிறோம். அவர்கள் காயலோர மணலில் குழி தோண்டி, கடல்நீர் வந்து போகும்படி புதைக்கிறார்கள். அதனால்தான் தீவுக் கயிற்றுக்கு அந்த வெளுப்பும் மென்மையும். வீட்டையும் பாருங்கள். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைப் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். முழுக்க இசுலாமியரான இந்தத் தீவு மக்களிடம் தாய்வழித் தறவாடு என்ற கூட்டுக்குடும்பம் இன்றும் இருக்கிறது. பிரிக்கக் கூடாத குடும்பச் சொத்துக்கு 'வெள்ளியாழ்ச்சைச் சொத்து' என்றும், ஒருவர் தானே ஈட்டிய சொத்துக்குத் 'திங்களாழ்ச்சைச் சொத்து' என்றும் கிழமையின் பெயரை இட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைச் சொத்து பெண்வழியே செல்லும். இதைவிட எளிதாக நம் பிள்ளைகளுக்குப் பழைய உரிமைமுறையை விளக்க ஒரு பொருள் கிடைக்குமா?

வண்ணப்படத்தின் அடியில் அச்சிடவிருக்கும் குறிப்பின் படியையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். ஒன்பது வரிகள். அவற்றில் நான் ஏற்க முடியாதவை பல. 'மக்கள் அனைவரும் மலையாளம் பேசுகின்றனர்' என்கிறது குறிப்பு. முப்பத்தாறு தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்து. ஒன்பதில் பேசப்படுவது மலையாளத்தின் ஒரு வடிவமான ஜெசரி. அதில் சொல்லின் முதலில் வரும் பகரம் 'ஃப' ஆகவும் வகரம் 'ப' (ஆங்கில b) ஆகவும் ஒலிக்கும். பத்தாவதான மினிக்காயின் மொழி மகல். அது மாலத்தீவின் திவேகி மொழியைச் சேர்ந்தது, தானா என்ற எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அந்த ஊரின் ஆட்டமான லாவாவும் அழகு செய்யப்பட்ட ஜஹாதோணிப் படகுகளும் மற்ற ஒன்பது தீவுகளில் இல்லாதவை. ஒரு வரியில் ஒரு மக்களின் தாய்மொழியை அழித்துவிட்டீர்கள் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். எல்லையோரத்தில் தமிழுக்காக நின்றவர்களின் பிள்ளைகளான நாம் இதை உணராமல் எழுதினோம் என்பது அதைவிடக் கடுமையானது.

'தீவுகளின் வரலாறு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்குகிறது' என்பது இன்னொரு வரி. ஆங்கிலேயருக்கு நெடுங்காலம் முன்னரே போர்ச்சுகீசியர் அமினியில் இறங்கினார்கள் என்றும், கயிற்றுக்காக ஊரைக் கொள்ளையடித்த அவர்களைத் தீவினர் நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. பிறகு கண்ணூர் அரக்கல் குடும்பம் ஆண்டது. கயிற்றைத் தானே விலைவைத்து வாங்கி அரிசியை அளந்து கொடுக்கும் அதன் ஏகபோகம் தாளாமல், 1783இல் அமினியைச் சேர்ந்த சிலர் மங்களூருக்கே போய்த் திப்பு சுல்தானிடம் முறையிட்டார்கள். அதன் பயனாக அமினி, கட்மத், கில்தான், செத்லத், பித்ரா என்ற ஐந்து தீவுகள் திப்புவின் கைக்கு மாறின. அரசனைத் தேடிக் கடல் கடந்து மனுக்கொடுக்கப் போன மக்களுக்கு வரலாறு இல்லை என்று நாம் எப்படி அச்சிடுவது? 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னரே அந்த ஐந்தும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியிடம் சென்றன.

இனிக் 'கட்டுக்கதைகள்'. என் இரண்டாம் குறிப்பேட்டில் இருப்பது பெரும்பாலும் இவைதான், ஒப்புக்கொள்கிறேன். உபைதுல்லா என்ற பெரியவர் மக்காவில் உறங்கும்போது கனவில் நபிகள் தோன்றி, ஜித்தாவுக்குப் போய்க் கப்பலேறு என்றாராம். கப்பல் புயலில் உடைய, ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு அவர் அமினியில் கரையேறினாராம். ஊர் அவரைத் துரத்தியது, ஒரு பெண் மட்டும் ஏற்றுக்கொண்டு ஹமீதத் பீவி என்ற பெயரில் அவரை மணந்தாள், பிறகு அவர் ஆந்த்ரோத்துக்குப் போனார் என்று கதை நீள்கிறது. அவருடைய அடக்கத்தலம் அங்கேதான் இருக்கிறது. கவரத்தியின் உஜ்ரா பள்ளியில் நுணுக்கமாய்ச் செதுக்கிய மேற்கூரை, கடலில் மிதந்து வந்த ஒரே மரத்தில் செய்யப்பட்டது என்கிறார்கள். மினிக்காயில் கம்போராணி, கோஹோரதுகமனா என்று இரண்டு இளவரசியர் மாலத்தீவிலிருந்து வந்ததாகவும், அதற்கு முன் அங்கிருந்த திவரு என்ற மக்கள் விலகிப் போனதாகவும், அக்காளும் தங்கையும் ஒரே தீவில் வாழ முடியாமல் கம்போராணி திரும்பிப் போக மற்றவள் அங்கேயே தங்கிவிட்டதாகவும் சொல்கிறார்கள். 'திவரு' என்ற பெயரைக் கேட்டவுடன் நம் 'தீவு' என்ற சொல்லோடு அதை முடிச்சுப்போடத் தமிழாசிரியனுக்குக் கை துடிக்கும். நான் அதைச் செய்யவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதி, சொன்னவர் யார், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்று பக்கத்தில் குறித்தேன்.

உங்கள் காட்சியகத்தின் முதல் அறையில், 1544இல் புனித சவேரியார் நம் கடற்கரையில் நடந்து முக்குவர் ஊர்களில் திருமுழுக்களித்த செய்தியோடு, அவரைப் பற்றி ஊர்தோறும் வழங்கும் அற்புதக் கதைகளும் இடம்பெறுகின்றன. அவை இருக்க வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் வாதாடியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதைகளிடம் நாம் கேட்காத சான்றை ஆந்த்ரோத்துக் கதையிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? கதை நடந்ததா என்பது ஒரு கேள்வி. அதை யார், யாருக்கு, எந்த நேரத்தில் சொல்லி வந்தார்கள் என்பது வேறு கேள்வி. நாட்டார் வழக்காறு வைக்கும் அறைக்கு இரண்டாவதுதான் முக்கியம். இந்தக் கதைகள் பலவற்றில் கப்பல் உடைகிறது, கடல் ஒரு பொருளையோ ஆளையோ கொண்டுவந்து சேர்க்கிறது, கரையில் இருப்பவர் அவரை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். மக்காவுக்குப் போய்விட்டதாகச் சொல்லப்படும் சேர அரசன் சேரமான் பெருமாளைத் தேடிக் கண்ணூர் அரசனின் படகில் போனவர்கள் புயலில் சிக்கி பங்காரம் கரையில் ஒதுங்கினார்கள் என்று சொல்லும் குடியேற்றக் கதையும் இதே வகை. கரையொதுங்கியவனை என்ன செய்வது என்பதே அந்தத் தீவுகள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது என் தம்பி தன் படகில் ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டும் தலைவனாக, இருந்தான். படகில் பதினொரு பேர். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு முன்னறிவிப்பு எட்டவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அந்த வாரம் நம் ஊர்களில் எந்த வீட்டில் அடுப்பெரிந்தது? எஞ்சின் நின்று, வீல்ஹவுசின் கண்ணாடி உடைந்து, இரண்டு இரவுகள் காற்று இழுத்த வழியில் போய் அவர்கள் கல்பேனியில் சேர்ந்தார்கள். அங்கேயும் புயல் விட்டுவைக்கவில்லை. தென்னைகள் சாய்ந்து கிடந்தன, கூரைகள் பறந்திருந்தன. அந்தத் தீவில் நெல் விளையாது. ஒவ்வொரு மணி அரிசியும் கொச்சியிலிருந்தோ பேப்பூரிலிருந்தோ கப்பலில் வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் பதினொரு பேரையும் வீடுகள் பங்கு போட்டுக்கொண்டு அழைத்துப் போனார்கள். ஒரு மூதாட்டி தன் மகனின் கைலியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம்பியின் உப்புக் கரித்த தலையைக் கிணற்று நீரால் கழுவினாராம். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி, காயவைத்து, மறுபடி அவரே மாட்டிவிட்டாராம்.

நான்காம் நாள், அறுபதைக் கடந்த ஒருவர் அவர்களைக் கிழக்குக் கரைக்கு அழைத்துப் போனார். அங்கே பவளக் கற்கள் கரை நெடுகக் குவிந்து ஒரு மேடாகக் கிடக்கின்றன. 1847இல் வந்த பெரும்புயல் கடலுக்குள்ளிருந்து பெயர்த்தெறிந்த கற்கள் என்று அவர் சொன்னார். கல்பேனியையும் ஆந்த்ரோத்தையும் சூறையாடிய புயல் அது. அதற்குப் பின் மக்களுக்கு உதவ அரக்கல் குடும்பத்திடம் பணம் இல்லை. கும்பினி கடன் கொடுத்தது. கடனும் வட்டியும் நிலுவையாகி வளர்ந்து, முடிவில் தீவுகளே கைமாறின. பள்ளிக்கூடத்தில் நாம் அரசியல் வரலாறாகப் படிக்கும் செய்தியை அந்த மனிதர் தன் பாட்டனின் வீட்டில் நடந்த துக்கம்போலச் சொன்னார் என்று தம்பி வியந்தான். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்திய காற்றை நினைவில் வைத்திருந்தவர்கள்தான் என் தம்பிக்குச் சோறு போட்டார்கள். நீங்கள் 'ஆதாரமற்றவை' என்று சிவப்பு மையில் குறித்திருக்கும் பக்கங்களில் இதுவும் ஒன்று.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று காட்டுவது என் நோக்கமில்லை. வெளிப்படகுகள் காயலோரம் வருவதைத் தீவினர் எதிர்ப்பதும், நம்மவர் சுறா பிடிப்பதை அவர்கள் வெறுப்பதும், இரையாகும் சிறுமீனை நாம் அள்ளிப் போனால் அவர்களுடைய சூரைத் தொழில் கெடும் என்று அஞ்சுவதும் உண்மை. நம் பையன்கள் சிலர் உரிய அனுமதி இல்லாமல் அங்கே இறங்கி மாட்டிக்கொண்டதும் உண்டு. என் மூன்றாம் குறிப்பேட்டில் இந்தச் சண்டைகளும் இருக்கின்றன. அந்த அறையில் அவையும் வர வேண்டும் என்பதே என் விருப்பம். சண்டையும் சேர்ந்ததுதானே உறவு.

இவ்வளவையும் எடுத்துவிட்டு நீங்கள் மாட்டப்போகும் படத்தில் நீலநீரும் வெண்மணலும் சாய்ந்த ஒரு தென்னையும் இருக்கின்றன. மனிதர் ஒருவர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழும் இடம் அது. சுமார் முப்பத்திரண்டு சதுர கிலோமீட்டர் நிலத்தில் அத்தனை பேரும் அடுத்தடுத்த வேலியில் வாழ்கிறார்கள். யாருமற்ற நிலம் என்ற எண்ணத்தை ஒரு கடற்கரையைப் பற்றி ஊட்டுவது எப்படி முடியும் என்பதைத் துறைமுகத்துக்கும் மணலுக்குமாக வீடிழந்த நம் ஊர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே குழுவினரிடம் நான் கேட்பவை இவை. அறையைக் கைவிடும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுத்து, கடற்கரை ஊர்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் விவாதியுங்கள். முழு அறைக்கு வழியில்லை என்றால் பாதி அறை போதும். அதில் ராப்பலகையின் மாதிரி ஒன்றும், 1847, 2017 ஆகிய இரண்டு புயல்களைப் பற்றிய வாய்மொழிகளும் கட்டாயம் இருக்கட்டும். மாதிரியைச் செய்துதர எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் கூலியின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்பது வரிக் குறிப்பை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள். புதிதாக எழுதப்படும் எந்தக் குறிப்பையும் தீவைச் சேர்ந்த குறைந்தது இருவரிடம், அவர்களில் ஒருவர் மினிக்காய்க்காரராக இருக்கும்படி, படித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிடுங்கள்; தீவுகளின் பெயர்களைத் தமிழோடு மலையாளத்திலும் தானா எழுத்திலும் பொறியுங்கள். வண்ணப்படத்தை மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மனிதர்கள் இருக்கும் படமாக, எந்தத் தீவு, எந்தத் துறை என்ற பெயரோடு மாட்டுங்கள். ஒலிப்பதிவுகளை அழித்துவிடாமல் படியெடுத்துப் பாதுகாத்து, எழுத்து வடிவில் ஒரு படியை எங்கள் ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள். அவற்றில் பேசியவர்களில் ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை.

கடைசியாக, திரும்பி வராத நான்காம் குறிப்பேடு. பச்சை அட்டை, நூற்றிருபது பக்கம். கல்பேனியில் பதினொரு பேருக்கும் இடம் கொடுத்த வீடுகளின் பெயர்களைத் தம்பி ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து சொல்ல நான் எழுதியது அதில்தான் இருக்கிறது. என்னிடம் வேறு படி இல்லை. தம்பி சென்ற ஆண்டு காலமானான். இந்த மடல் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் அதைத் தேடி எடுத்து, உங்கள் உறுப்பினர் ஒருவர் வழியாக நேரில் என் கையில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன்,
நீரோடிக் கடற்கரை